ஸ்பானிய இறந்தகாலத்தைக் கற்க ஆங்கிலம் எதற்கு?

ஸ்பானிய மொழியில் ‘தோமொ’ என்றால் ‘எடுக்கிறேன்’ என்று பொருள். ‘தொமோ’ என்றால் ‘எடுத்தான்’. எழுதிப் பார்த்தால் இரண்டிலும் எழுத்துகள் ஒன்றே. கடைசி உயிரெழுத்தின் மேல் இடப்படும் ஒரு சிறு சாய்கோடு மட்டுமே வேறுபாடு. அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் தன்மை ஒருமை நிகழ்காலம். இறுதி அசையில் விழுந்தால் படர்க்கை ஒருமை இறந்தகாலம். இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஸ்பானியம் பயில வரும் மாணவர்கள் முதலில் இடறும் இடங்களுள் இதுவும் ஒன்று. (இங்கு ஸ்பானியச் சொற்களில் அழுத்தம் பெறும் உயிர் நெடிலாகவும் மற்றவை குறிலாகவும் எழுதப்படுகின்றன. காரணம் பின்னர் விளங்கும்.)

தில்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், தில்லிப் பல்கலைக்கழகம், ஐதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் எனப் பல உயர்கல்வி நிறுவனங்களில் ஸ்பானியம் கற்பிக்கப்படுகிறது. ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் நிறுவனம் தில்லியில் வகுப்புகளும் தேர்வுகளும் நடத்துகிறது. அந்நிறுவனத்தின் பாடத்திட்டம் இறந்தகால வினைகளை ஏ2 எனப்படும் இரண்டாம் படிநிலையில் வைக்கிறது. நிகழ்காலத்தைக் கற்று, பெயர் சொல்லி, ஊர் சொல்லி, உணவு கேட்கப் பழகிய மாணவர் முன்னால் அப்போதுதான் அந்த ஆறு கட்ட அட்டவணை வரையப்படுகிறது. பாடநூல் முழுவதும் ஸ்பானியத்திலேயே இருந்தாலும், ஐயம் எழும்போது விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஸ்பானிய இறந்தகாலத்தை ஆங்கிலத்தின் வழியே விளக்குவது, விகுதிகள் நிறைந்த ஒரு மொழியை விகுதிகளைப் பெரும்பாலும் இழந்துவிட்ட ஒரு மொழியால் விளக்குவதாகும். அதனால் இந்திய மாணவர் தம் தாய்மொழியில் நாள்தோறும் செய்துவரும் ஒன்றே புதியதாகவும் கடினமாகவும் தோற்றமளிக்கிறது. இந்த இழப்பு கற்பித்தல் முறை பற்றியது மட்டுமன்று. யார் வகுப்பில் நிலைக்கிறார், யார் விலகுகிறார் என்பதையும் அது தீர்மானிக்கிறது.

முதலில் அட்டவணையைப் பார்க்கலாம். ‘தொமார்’ என்பது எடுத்தலையும் குடித்தலையும் குறிக்கும் வினை. அதன் முடிவுற்ற இறந்தகால வடிவங்கள் இவை:

தொமே – எடுத்தேன்
தொமாஸ்தெ – எடுத்தாய்
தொமோ – எடுத்தான், எடுத்தாள், எடுத்தது
தொமாமொஸ் – எடுத்தோம்
தொமாஸ்தெய்ஸ் – எடுத்தீர்கள்
தொமாரொன் – எடுத்தார்கள், எடுத்தன

‘ஆர்’ என முடியும் ஒழுங்கான வினைகள் அனைத்தும் இப்படியே திரியும். ‘ஏர்’, ‘ஈர்’ என முடிபவை இரண்டுக்கும் பொதுவாக இன்னொரு வரிசை உண்டு. ‘கொமேர்’ (உண்ணுதல்) என்பது கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமீஸ்தெய்ஸ், கொமியேரொன் என வரும். ‘சுபீர்’ (ஏறுதல்) என்பதும் சுபீ, சுபீஸ்தெ, சுபியோ என அவ்வழியே செல்லும். ஆக, ஒழுங்கான வினைகளுக்கு இரண்டே வாய்பாடுகள். எந்த வினை எந்த வாய்பாட்டில் சேரும் என்பதை அகராதி வடிவத்தின் ஈறே சொல்லிவிடுகிறது. லத்தீன் அமெரிக்காவில் ‘தொமாஸ்தெய்ஸ்’ என்னும் ஐந்தாம் வடிவம் வழங்குவதில்லை. அங்கு முன்னிலைப் பன்மைக்கும் படர்க்கைப் பன்மையின் வடிவமே போதும்.

இந்த எளிமையைத் தமிழோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். செய்தான், உண்டான், சென்றான், ஓடினான் ஆகிய நான்கும் இறந்தகாலமே. நான்கிலும் காலம் காட்டும் உறுப்பு வேறு வேறு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தியாரின் நன்னூல், த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலைகளை வகுத்துச் சொல்கிறது. ‘முடி’ என்னும் ஒரே பகுதி ‘முடித்தான்’ என்றும் ‘முடிந்தது’ என்றும் இரு வகையாகப் பிரிகிறது. எந்த வினை எந்த இடைநிலையை ஏற்கும் என்பதை அதன் ஈற்றைக் கொண்டு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அயலார் ஒவ்வொன்றாக மனத்தில் இருத்த வேண்டும். இவ்வளவு சிக்கலான அமைப்பை எந்த அட்டவணையும் இன்றி ஐந்து வயதுக்குள் கைவரப்பெற்ற ஒருவர், இரண்டே வாய்பாடுகளைக் கண்டு அஞ்சுகிறார் என்றால், அச்சத்துக்குக் காரணம் வாய்பாட்டில் இல்லை.

ஆங்கில இறந்தகாலத்தில் ஒழுங்கான வினைக்கு ஒரே வடிவம். நான் நடந்தாலும் நீ நடந்தாலும் அவர்கள் நடந்தாலும் ‘வாக்ட்’ என்பதே சொல். நடந்தவர் யார் என்பதை வினைக்கு முன் நிற்கும் பெயரே சொல்ல வேண்டும். வினையின் ஈற்றில் இடத்தைக் காட்டும் பழக்கம் நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் ஒட்டும் ஒரே ஒரு ‘ஸ்’ ஒலியில்தான் இன்று எஞ்சியிருக்கிறது. இந்த மொழியின் வழியே ஸ்பானிய அட்டவணையைப் பார்ப்பவருக்கு, ஒரே சொல்லுக்கு ஈடாக ஆறு சொற்கள் நிற்பதாகத் தெரிகிறது. ஆறையும் நெட்டுருப் போடுவதே வழி என்று அவர் எண்ணுகிறார். ‘தொமே’ என்பதற்கு நேராக ‘எடுத்தேன்’ என்று எழுதிப் பார்த்தால் அந்த எண்ணம் வந்திராது. ஏகாரமும் ‘ஏன்’ விகுதியும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பது பார்த்த அளவிலேயே புலப்படும்.

எழுவாயை விட்டுவிடுவதிலும் இதே நிலைதான். ‘எடுத்தேன்’ என்றாலே ‘நான்’ அடங்கிவிடுவதால் தமிழில் அதைத் தனியே சொல்வது அழுத்தத்துக்காக மட்டுமே. ஸ்பானியத்திலும் அப்படியே. ஆனால் ஆங்கிலத்தில் எண்ணி ஸ்பானியத்தில் எழுதும் மாணவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘யோ’ (நான்) என்று தொடங்குகிறார். ‘நான் எழுந்தேன், நான் குளித்தேன், நான் உண்டேன், நான் புறப்பட்டேன்’ என்று ஒருவர் தமிழில் பேசினால் எப்படி ஒலிக்குமோ, அப்படித்தான் அது ஒரு ஸ்பானியர் செவியில் ஒலிக்கும். தமிழ் வினையின் இயல்பை அறிந்தவர் அந்தப் பிழையைச் செய்யத் தேவையே இல்லை.

தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற ஒவ்வொருவருக்கும் ‘பகுபத உறுப்பிலக்கணம்’ என்னும் பயிற்சி நினைவிருக்கும். ஒரு சொல்லைக் கொடுத்து, அதைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். ‘எடுத்தோம்’ என்பது எடு + த் + த் + ஓம். எடு பகுதி, முதல் தகரம் சந்தி, இரண்டாம் தகரம் இறந்தகால இடைநிலை, ஓம் தன்மைப் பன்மை வினைமுற்று விகுதி. மதிப்பெண்ணுக்காகச் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்கப்படும் பயிற்சி இது. வெளிநாட்டு மொழியின் வினையை அறுத்துப் பார்க்க இதைவிடக் கூரிய கருவி ஒரு தொடக்கநிலை மாணவரிடம் இருக்க முடியாது.

ஸ்பானியத்தின் மற்றோர் இறந்தகாலமான முடிவுறா இறந்தகாலத்தில் இதைச் செய்து பார்க்கலாம். ‘தொமாபமொஸ்’ என்பது ‘எடுத்துக்கொண்டிருந்தோம்’ என்றோ ‘எடுப்போம்’ என்று பழைய வழக்கத்தைச் சொல்வதாகவோ பொருள்படும். அது தொம் + ஆ + ப + மொஸ் எனப் பிரியும். தொம் பகுதி, ஆ இன்ன வகை வினை என்று காட்டும் உயிர், ப இடைநிலை, மொஸ் தன்மைப் பன்மை விகுதி. தொமாப, தொமாபஸ், தொமாப, தொமாபமொஸ், தொமாபய்ஸ், தொமாபன் என்னும் வரிசை முழுவதிலும் இடைநிலை மாறாமல் நிற்க, விகுதி மட்டும் மாறுகிறது. முன்னிலை ஒருமைக்கு ஸ், தன்மைப் பன்மைக்கு மொஸ், படர்க்கைப் பன்மைக்கு ன். இவ்விகுதிகள் நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும்கூட இவையே. ‘ஏர்’, ‘ஈர்’ வினைகளில் ‘கொமீய, கொமீயஸ், கொமீயமொஸ்’ என இடைநிலை வேறுபடும். விகுதிகள் அப்படியே தொடரும். இந்தக் காலத்தில் ஒழுங்கு மாறும் வினைகள் மொழி முழுவதிலும் மூன்றே.

முடிவுற்ற இறந்தகாலம் இவ்வளவு தெளிவாகப் பிரிவதில்லை. ‘தொமே’ என்பதில் தொம் நீங்கினால் எஞ்சுவது ஏ ஒன்றே. அந்த ஓர் உயிரே இறந்தகாலத்தையும் தன்மை ஒருமையையும் சேர்த்துச் சொல்கிறது. இதைக் காணும் மாணவர் குழம்புவது இயல்பு. ஆனால் தமிழ் இலக்கணத்துக்கு இதுவும் புதிதன்று. பழந்தமிழில் ‘உண்டு’ என்பது ‘உண்டேன்’ என்றும், ‘உண்டும்’ என்பது ‘உண்டோம்’ என்றும் பொருள் தந்தன. அங்கு டு, டும் ஆகிய விகுதிகளே இடத்தையும் இறந்தகாலத்தையும் ஒருங்கே காட்டின. இடைநிலையின்றி விகுதியே காலம் காட்டும் இத்தகைய சொற்களை நன்னூல் தனியே எடுத்து ஓதுகிறது. இடைநிலை காலம் காட்டும் சொல், விகுதியே காலம் காட்டும் சொல் என்னும் இரு கருத்துகளும் கையில் இருந்தால் ஸ்பானியத்தின் இரு இறந்தகாலங்களும் உருவத்தில் எப்படி வேறுபடுகின்றன என்பது ஒரே வகுப்பில் விளங்கிவிடும்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை தமிழ் மாணவருக்கு உண்மையாகவே ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழில் அழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை. குறில் நெடில் வேறுபாடே வேறுபடுத்துகிறது. அதோடு, தமிழ்ச் சொல் குறில் ஒகரத்தில் முடிவதில்லை. ‘நொ’ என்னும் ஓரெழுத்து ஒருமொழி ஒன்றே தொல்காப்பியம் காட்டும் விதிவிலக்கு. ஆகவே தமிழ் நா ‘தோமொ’ என்பதன் ஈற்றைத் தன்னையறியாமல் நீட்டி ‘தோமோ’ என்றே ஒலிக்கும். இரண்டு நெடில்கள் வந்துவிட்டால் கேட்பவருக்கு அது ‘எடுக்கிறேன்’ என்பதா ‘எடுத்தான்’ என்பதா என்று தெரியாது. ‘அழுத்தத்தைக் கவனி’ என்று ஆங்கிலத்தில் ஆயிரம் முறை சொல்வதைவிட, ‘ஈற்றைக் குறிலாக்கு’ என்று ஒரு முறை சொல்வது பயன் தரும். ஸ்பானியத்தில் அழுத்தம் பெறும் உயிர் சற்றே நீண்டும் ஒலிப்பதால், குறில் நெடில் எழுத்துகளால் அழுத்தத்தைக் குறிப்பது தொடக்கநிலைக்குப் பொருத்தமான உத்தி. இக்கட்டுரையின் எழுத்துமுறைக்கு அதுவே காரணம்.

வடிவத்தைவிடப் பெரிய சிக்கல், எந்த இறந்தகாலத்தை எங்கே பயன்படுத்துவது என்பது. நிகழ்ந்து முடிந்த ஒன்றை முழுமையாகக் கண்டு சொல்வது ஒன்று. நிகழ்ச்சியின் உள்ளே நின்று, அதன் தொடர்ச்சியையோ வழக்கத்தையோ பின்னணியையோ சொல்வது மற்றொன்று. ஸ்பானியம் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு திரிபுகளைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஆங்கிலத்தின் எளிய இறந்தகாலம் இரண்டையும் ஒரே போர்வைக்குள் மூடிவிடுகிறது. ஆங்கில வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதைத் தேர்வது என்று கேட்டால், ‘நேற்று என்னும் சொல் வந்தால் இது, எப்போதும் என்னும் சொல் வந்தால் அது’ என்பது போன்ற அடையாளச் சொற்களின் பட்டியல் விடையாகக் கிடைக்கிறது. அச்சொற்கள் இல்லாத வாக்கியம் வந்ததும் மாணவர் கைவிடப்படுகிறார்.

ஒரு சிறு தமிழ்ப் பத்தியை எடுத்துக்கொள்ளலாம். ‘அப்போது நாங்கள் ஆற்றங்கரைத் தெருவில் குடியிருந்தோம். தாத்தா நாள்தோறும் மாலையில் திண்ணையில் அமர்ந்து காப்பி குடிப்பார். ஒரு நாள் ஒரு கடிதம் வந்தது. அன்று அவர் காப்பி குடிக்கவில்லை.’ இதில் ‘குடிப்பார்’ என்பது வடிவத்தால் எதிர்காலம். பொருளால் கடந்தகால வழக்கம். தமிழர் எவரும் அதைக் கேட்டுத் தாத்தா நாளை குடிக்கப் போகிறார் என்று எண்ணுவதில்லை. ‘குடித்தார்’ என்று ஒரு முறை நிகழ்ந்ததைச் சொல்வதற்கும் ‘குடிப்பார்’ என்று வழக்கத்தைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர் பிறர் சொல்லித் தந்து அறிவதில்லை. ஸ்பானியத்தில் அந்தக் ‘குடிப்பார்’ முடிவுறா இறந்தகாலத்தில் ‘தொமாப’ ஆகும். கடிதம் வந்தது முடிவுற்ற இறந்தகாலத்தில் ‘யெகோ’. அன்று குடிக்காதது ‘நோ தொமோ’. ஒரே வினை ஒரே பத்தியில் இரு இறந்தகாலங்களிலும் வருகிறது. ஏன் என்று தமிழ்ப் பத்தியே சொல்லிவிடுகிறது.

‘கொனொஸேர்’ என்னும் வினை இன்னொரு சான்று. இதன் இறந்தகாலங்கள் இரண்டும் ஒழுங்கானவை. ‘கொனொஸீய’ என்றால் ஒருவரை முன்பே தெரிந்திருந்தது. ‘கொனொஸீ’ என்றால் அவரோடு அறிமுகம் ஏற்பட்டது. ஆங்கிலவழி விளக்கம் இதை ‘இறந்தகாலத்தில் பொருள் மாறும் வினைகள்’ என்று ஒரு தனிப் பட்டியலில் சேர்க்கிறது. உண்மையில் பொருள் மாறவில்லை. தெரிந்திருக்கும் நிலை ஒன்று. அந்நிலை தொடங்கிய கணம் மற்றொன்று. ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்பதற்கும் ‘அவர் எனக்கு அறிமுகமானார்’ என்பதற்கும் தமிழ் தனித்தனிச் சொற்களையே வைத்திருக்கிறது.

தாய்மொழி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்வது மிகையாகும். தமிழ் தவறான வழியையும் காட்டும். மூன்று இடங்களைக் குறிப்பிடலாம். முதலாவது, பால். எடுத்தான், எடுத்தாள், எடுத்தது என்று தமிழ் பிரிப்பதை ஸ்பானிய வினை பிரிப்பதில்லை. மூன்றும் ‘தொமோ’ தான். மரியாதைக்குரிய ‘உஸ்தேத்’ (நீங்கள்) என்பதும் அதே படர்க்கை வடிவத்தையே ஏற்கிறது. இரண்டாவது, எதிர்மறை. ‘நான் குடிக்கவில்லை, அவர் குடிக்கவில்லை, நாங்கள் குடிக்கவில்லை’ எனத் தமிழ் எதிர்மறை வினை இடத்தை முற்றிலும் துறந்துவிடுகிறது. ஸ்பானியத்தில் முன்னால் ‘நோ’ சேர்ந்தாலும் விகுதி அப்படியே இருக்க வேண்டும்: நோ தொமே, நோ தொமோ, நோ தொமாமொஸ். ஏறத்தாழ எல்லா வினைகளிலும் விகுதியைச் சரியாகச் சேர்க்கும் தமிழ் மாணவர் எதிர்மறையில் மட்டும் தடுமாறினால், அதன் வேர் இங்கே இருக்கக்கூடும்.

மூன்றாவது, கால அளவு. ‘அப்போது அந்தத் தெருவில் குடியிருந்தோம்’, ‘மூன்று ஆண்டு அந்தத் தெருவில் குடியிருந்தோம்’ ஆகிய இரண்டிலும் தமிழ் வினை ஒன்றே. ஸ்பானியத்தில் முதலாவது ‘பிபீயமொஸ்’. எல்லை வகுக்கப்பட்டுவிட்டதால் இரண்டாவது ‘பிபீமொஸ்’. இங்கே தமிழை மட்டும் நம்பினால் விடை கிடைக்காது. ஆயினும் எங்கே ஒத்துவரும், எங்கே ஒத்துவராது என்று அறிந்து கற்பதற்கும், ஒப்பீடே கூடாது என்று கற்பதற்கும் வேறுபாடு உண்டு. முதலாமவர் தம் பிழையின் காரணத்தை அறிவார். இரண்டாமவர் பிழையைத் திருத்திக்கொண்டாலும் அது ஏன் நேர்ந்தது என்று அறியமாட்டார்.

இதற்கு எழும் முதல் மறுப்பு எதிர்பார்க்கத்தக்கதே. தில்லியிலோ ஐதராபாத்திலோ ஒரு வகுப்பில் தமிழர் ஒருவரோ இருவரோ இருப்பர். மற்றவர் வங்காளி, மலையாளி, தெலுங்கர், இந்தி பேசுவோர். ஆசிரியர் இத்தனை மொழிகளையும் அறிய இயலாது. எனவே பொதுமொழியான ஆங்கிலமே நடைமுறைக்கு உகந்தது என்பார்கள். இந்தப் பன்மையைச் சுமையாகக் காண்பதால் எழும் வாதம் இது. உண்மையில் ஒவ்வொரு மாணவரும் ஸ்பானிய இறந்தகாலத்தின் வெவ்வேறு பகுதிக்கு வெவ்வேறு திறவுகோலோடு வருகின்றனர்.

வங்காளியை எடுத்துக்கொள்வோம். அம்மொழியில் ‘கேலாம்’ என்றால் உண்டேன். ‘கேத்தாம்’ என்றால் வழக்கமாக உண்பேன். ஒரு மெய்யின் மாற்றத்தில் இரு இறந்தகாலங்கள். இரண்டிலும் இடம் காட்டும் விகுதி உண்டு. ஸ்பானியத்தின் ‘கொமீ’, ‘கொமீய’ என்னும் இணைக்கு இதைவிட நெருங்கிய உறவை ஆங்கிலத்தில் காண முடியாது. இந்தியில் ‘காயா’ என்பதும் ‘காத்தா தா’ என்பதும் முடிந்ததையும் வழக்கமானதையும் துல்லியமாகப் பிரிக்கின்றன. ஆனால் ‘மைனே ரோட்டீ காயீ’ என்னும்போது வினை உண்டவரைப் பின்பற்றாமல் ரொட்டியின் பாலைப் பின்பற்றுகிறது. எனவே இந்தி மாணவருக்கு எந்த இறந்தகாலம் என்பது எளிது. விகுதி எழுவாயோடு மட்டுமே இயையும் என்பது புதிது. தெலுங்கில் வச்சானு, வச்சாடு, வச்சிந்தி எனத் தமிழைப் போலவே விகுதிகள் உண்டு. மலையாளமோ தன் உறவு மொழிகளிலிருந்து விலகி, ‘ஞான் வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு’ என விகுதியைத் துறந்துவிட்டது. தமிழருக்கு எளிதான அட்டவணை மலையாளிக்குக் கூடுதல் உழைப்பைக் கேட்பது இதனால்தான்.

ஆசிரியர் இவற்றையெல்லாம் அறிந்திருக்கத் தேவையில்லை. ‘இந்த வாக்கியத்தை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்? வினையில் எந்தப் பகுதி காலத்தைக் காட்டுகிறது? எது ஆளைக் காட்டுகிறது?’ என்று கேட்கத் தெரிந்தால் போதும். விடையை மாணவர்களே கரும்பலகையில் எழுதுவர். ஸ்பெயினிலிருந்தோ மெக்சிகோவிலிருந்தோ வந்த ஆசிரியர்கூட இதைச் செய்யலாம்.

இரண்டாவது மறுப்பு, கற்கும் மொழியை அம்மொழியிலேயே கற்பிக்க வேண்டும். இடையில் வேறு மொழி வரக்கூடாது என்பது. பேச்சுப் பயிற்சிக்கு இது பொருந்தும். ஆனால் வயதுவந்த மாணவர் ஒருவர் வெற்று மனத்தோடு வகுப்பறைக்குள் நுழைவதில்லை. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் உள்ளுக்குள் ஒப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார். இந்திய வகுப்பறையில் இந்த நெறி பெரும்பாலும் தாய்மொழிகளை மட்டுமே வெளியேற்றுகிறது. ஆங்கிலம் பின்வாசல் வழியாக வந்து அமர்ந்துகொள்கிறது. தடை என்றால் இரண்டுக்கும் தடை இருக்க வேண்டும். அனுமதி என்றால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும்.

மொழிகளைக் கற்ற வரலாறும் இதற்குச் சான்று. காஸ்தீலிய மொழிக்கு 1492இல் இலக்கணம் எழுதி அச்சிட்ட நெப்ரிஹா, தாம் நன்கறிந்த இலத்தீன் இலக்கணத்தின் அடித்தளத்தில் நின்றே அதை எழுதினார். அடுத்த நூற்றாண்டின் நடுவில், முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்த்துக்கீசியத் துறவி ஹென்றிக்கே ஹென்றீக்கஸ், தமிழகத்தார் அண்டிரிக் அடிகளார் என்று அழைப்பவர், தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தமிழாக்கித் தந்த நூல். தமிழ் வினைகளை அவர் எதிர்கொண்டபோது, இலத்தீன் இலக்கணம் அறிந்தவருக்கு விளங்கும் வகையிலேயே அவற்றைத் திரிபு வாரியாக அடுக்கினார். அந்த அடுக்குமுறை தமிழுக்கு முழுதும் பொருந்தவில்லை என்பது வேறு. ஆனால் தமக்குத் தெரிந்த இலக்கணத்தைக் கொண்டு தெரியாத மொழியை அளப்பதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து வந்த ஒருவர் தம் இலக்கண மரபோடு தமிழுக்குள் நுழைந்தார். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு, அத்தீபகற்பத்தின் மொழி ஒன்றைக் கற்கப் போகும் தமிழ் மாணவர் மட்டும் தம் இலக்கண மரபை வாயிலில் கழற்றிவைத்துவிட்டு நுழைய வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்நிலைக்கான விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதே முதன்மையான கேள்வி. ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து வரும் மாணவர் எப்படியும் சமாளித்துவிடுவார். தமிழ்வழி அரசுப் பள்ளியில் பயின்று நடுவண் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம்பெற்றவருக்கு ஸ்பானிய வகுப்பு இரட்டைத் தேர்வாகிறது. ஆங்கில இலக்கணத்தின் கலைச்சொற்கள் தெரிந்தால்தான் ஸ்பானிய விளக்கம் புரியும். அவை தெரியாதபோது ‘எனக்கு இலக்கணம் வராது’ என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். பகுதியையும் விகுதியையும் இடைநிலையையும் பிரித்துக் காட்டி மதிப்பெண் பெற்றவர். வகுப்பில் உள்ள பலரைவிட வினையின் உள்ளமைப்பை நன்கறிந்தவர். அவரே தமக்கு இலக்கணம் தெரியாது என்று நம்பத் தொடங்குகிறார். ஒரு மாணவரிடமிருந்து அவருடைய அறிவைப் பறிக்காமலேயே, அது அறிவன்று என்று நம்பவைத்துவிட முடிகிறது. ஸ்பானிய வகுப்பில் நேரும் மிகப் பெரிய இழப்பு இதுதான்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 தாய்மொழியின் இடத்தைப் பற்றி நிறையப் பேசுகிறது. பள்ளிகளில் கற்கத்தக்க அயல்மொழிகளுள் ஸ்பானியத்தையும் குறிப்பிடுகிறது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலத்தைப் பாடநூல் எழுதுவோரும் ஆசிரியர்களும்தான் கட்ட வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இறந்தகாலம் தொடங்கும் முதல் நாளில் ‘தொமாபமொஸ்’ என்னும் சொல்லை எழுதி, உறுப்புகளாகப் பிரிக்கச் சொல்லலாம். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு ஆங்கில வாக்கியங்களைத் தராமல், தம் குழந்தைப் பருவ நினைவு ஒன்றை அவரவர் தாய்மொழியில் பத்து வரி எழுதச் செய்து, அதை ஸ்பானியத்துக்குக் கொண்டுபோகச் செய்யலாம். நினைவுகளில் வழக்கமும் நிகழ்ச்சியும் கலந்தே வரும். இரு இறந்தகாலங்களுக்கும் அங்கே வேலை இருக்கும். எங்கே தாய்மொழி உதவியது, எங்கே வழிதவறச் செய்தது என்று ஒரு பக்கக் குறிப்பை ஒவ்வொரு மொழியினரும் சேர்ந்து எழுதி, அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு விட்டுச்செல்லலாம். சில ஆண்டுகளில் அதுவே இந்திய மாணவர்களுக்கென இந்தியாவில் உருவான ஸ்பானியத் துணைநூலாக வளரும்.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்கு உண்டு. நன்னூலின் வினையியல் தேர்வுக்காக மட்டும் படிக்கப்படும் பழம்பொருள் அன்று. உலகின் வேறு வினைகளையும் அளக்க உதவும் அளவுகோல் என்பதைக் காட்ட இது நல்ல வாய்ப்பு. அயல்மொழித் துறையும் தமிழ்த்துறையும் உள்ள கல்லூரி எதுவாயினும், ஒரு பிற்பகல் இரண்டும் ஒரே அறையில் அமரலாம். ஒருவர் ‘தொமே’ என்று எழுத, மற்றவர் அதன் அருகே ‘எடுத்தேன்’ என்று எழுதித் தொடங்கினால் போதும்.